புது ரேமும் மூன்று மதகு ஏரியும்

"ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சு சார்?"

கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இது. இருபத்தாறு வருடப் பழக்கம். அன்றைக்கும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அது எனக்குத் தெரியாதே மேடம்" என்றார் ஞானசேகரன் சார். "பேசிட்டே இருந்துச்சு. நின்னுபோச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு நாள் முன்புதான் அவருடைய கம்ப்யூட்டருக்குப் புது மெமரி போட்டு அனுப்பியிருந்தேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "நீங்க செஞ்சதுலயே பெரிய தப்பு எது மேடம்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. ஒயரை மாற்றிச் சொருகி ஒரு லாட்ஜின் பில்லிங் மெஷினில் புகை வரவைத்ததைச் சொல்லி அவர்களைச் சிரிக்கவைப்பேன். உண்மையில் பெரிய தப்பு, ஞானசேகரன் சாருடைய கம்ப்யூட்டரில் நடந்ததுதான். அதில் புகை வரவில்லை. அதனால்தான் மூன்று வாரம் இழுத்தது.

1. நாலு ஜிபி போதவில்லை

என் பெயர் வசந்தி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு திருவண்ணாமலையில் ஒரு சர்வீஸ் சென்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அப்புறம் அவலூர்பேட்டை ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டேன். பழுது பார்ப்பது, பாகம் மாற்றுவது, இரண்டும்தான் வேலை.

ஞானசேகரன் சார் ஓர் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தார். நம் பக்கத்து ஏரிகள்தான் ஆய்வுப் பொருள். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, எவ்வளவு நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது, ஏரிக்கு என்ன வரி வாங்கினார்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த விவரங்கள்.

அவரே டைப் அடிப்பார். தமிழ்99 கீபோர்டு முழுக்க விரல் நுனியில். அடிக்க அடிக்க ஸ்க்ரீன் ரீடர் என்ற மென்பொருள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டும். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அவருக்கு அது சாதாரணப் பேச்சு.

அவருடைய முதல் புகார் வேறு. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் வேலையும் அதே கம்ப்யூட்டரில் ஓடும். அது ஓடும்போது குரல் பின்தங்கிவிடும்.

"நான் 'ஏரி'னு அடிச்சு அடுத்த வார்த்தைக்குப் போயிடறேன் மேடம். அது அப்பதான் 'ஏ'ங்குது."

இருந்தது நான்கு ஜிபி மெமரி. இன்னொரு எட்டு ஜிபி ரேம் போட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவர் மனைவி செல்வி ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் சிபியூவை வைத்துக் கொண்டுவந்தார். புது ரேமைக் காலியாக இருந்த ஸ்லாட்டில் போட்டேன். பன்னிரண்டு ஜிபி காட்டியது. விண்டோஸிலேயே இருக்கும் சின்ன மெமரி செக்கை ஓட்டினேன். பிரச்சனை இல்லை என்று வந்தது. மணிக்கணக்கில் ஓடும் பெரிய டெஸ்ட் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டவில்லை. அன்றைக்கு பெஞ்சில் இன்னும் ஆறு மெஷின் காத்திருந்தது.

சாயந்திரம் சாரே போன் செய்தார். "இப்ப என் விரலோடவே ஓடுது மேடம்" என்றார். எனக்கும் திருப்தி.

2. மூன்று தடவை "ஒண்ணுமில்ல"

முதலில் சொன்ன அந்த போனுக்குப் பிறகு சிபியூ மறுபடி கடைக்கு வந்தது. மூடியைக் கழற்றி பெஞ்சில் வைத்து, ஃபேனுக்கு அடியில், இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் ஓடுது" என்று திருப்பி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போன அன்றைக்கே நின்றது.

இரண்டாவது தடவை ஸ்க்ரீன் ரீடரைச் சந்தேகப்பட்டேன். கண் தெரிகிறவர்கள் யாரும் அதைப் போடுவதில்லை, அதனால் அதில்தான் ஏதோ கோளாறு என்று எனக்குள் ஒரு நினைப்பு. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். "மெமரில ஒண்ணுமில்ல சார். சாஃப்ட்வேர்தான்." மூன்றாவது தடவை கரண்டைக் குறை சொன்னேன். "மெஷின்ல ஒண்ணுமில்ல. உங்க ஏரியாவுல வோல்டேஜ் ஜாஸ்தி கம்மியாகும் சார், யுபிஎஸ் மாத்திப் பாருங்க" என்றேன். அவரும் மாற்றினார்.

இந்த மூன்று தடவையும் அவர் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. "ரெண்டு விதமா நிக்குது மேடம். சில சமயம் சத்தம் அப்படியே அறுந்துபோவுது. சில சமயம் ஒரு எழுத்துலயே மாட்டிக்கிட்டு க-க-க-கனு கத்துது" என்பார். கண் தெரிகிறவராக இருந்தால் மெஷின் நிற்கும்போது நீலத் திரையில் வரும் பிழைச் செய்தியை மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருப்பார், நானும் உட்கார்ந்து படித்திருப்பேன். சத்தத்தை வைத்து ஒருவர் சொன்னதை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் அவர் போன் செய்தபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், ஒரு தடவை வீட்டுக்கு வர முடியுமா? வர்ற திங்கட்கிழமை நான் தீசிஸ் கொடுக்கணும். ஏற்கெனவே ஒரு தடவை டைம் நீட்டிச்சு வாங்கிட்டேன். இனிமே தரமாட்டாங்க."

அன்றைக்கு செவ்வாய்க்கிழமை.

3. ஒன்றுக்குப் பக்கத்தில் மூன்று இல்லை

வேட்டவலம் ரோட்டுப் பக்கம் அவர் வீடு. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. செல்வி மோர் கொடுத்துவிட்டு, "நீங்களாச்சும் பேசுங்க மேடம். ஒழுங்கா சாப்பிடறதே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். சார் காதில் விழாது என்று நினைத்தார். விழுந்தது.

"சாப்பாடு இருக்கட்டும் செல்வி. அந்தப் பேப்பரை எடு" என்றார்.

செல்வி ஒரு கட்டுப் பேப்பரைக் கொண்டுவந்தார். ஆய்வின் நான்காவது அத்தியாயம். நெறியாளர் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம்.

"கைடு போன் பண்ணாரு. 'டைப் அடிக்கிற ஆளை மாத்துங்க ஞானசேகரன், ரொம்ப அசால்ட்டா அடிக்கிறான்'னாரு. அடிக்கிற ஆளே நான்தான்னு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல" என்றார். "இருபது வருஷமா அடிக்கிறேன். இவ்ளோ தப்பு நான் விட்டதில்ல. விரல் மரத்துப்போச்சா, இல்ல புத்தி எங்கயாச்சும் தடுமாறுதானு எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு மேடம்."

நான் வட்டம் போட்ட இடங்களைப் பார்த்தேன். 'ஏரி வரி' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஏரி வலி' என்று இருந்தது. இன்னொரு இடத்தில் 'ஏரி'யே 'ஏலி' ஆகியிருந்தது. 'ஆறு', 'ஆளு' ஆகியிருந்தது. எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இது என் வேலை சம்பந்தப்பட்டதில்லை, டைப்பிங் பிழைதானே என்று.

"சார், தப்பா நெனைக்காதீங்க. தமிழ்99-ல ர-வும் ல-வும் பக்கத்துப் பக்கத்து கீ. விரல் கொஞ்சம் நகர்ந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேன். கடைசிப் பக்கத்துல ஒரு டேபிள் இருக்கும், பாருங்க. எங்க ஊர் ஏரி முதல் வரிசையிலயே இருக்கும். எத்தனை மதகுனு போட்டிருக்கு?"

"மூணு."

"எங்க ஏரிக்கு ஒரே மதகுதான் மேடம். சின்ன வயசுல அந்த மதகு மேலதான் உட்கார்ந்திருப்பேன். வேற எந்த ஏரிக்கு வேணா தப்பா போடுவேன், அதுக்குப் போடமாட்டேன்." கீபோர்டை இழுத்து மேல் வரிசையில் விரலை வைத்தார். "சரி, ர பக்கத்துல ல இருக்கு. ஒத்துக்கறேன். ஒண்ணு பக்கத்துல மூணு இல்லியே? நடுவுல ரெண்டு இருக்கு. ஒண்ணு அடிக்கப் போன விரல் ரெண்டைத் தாண்டி எப்படி மூணுல விழும்?"

குனிந்து கீபோர்டைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

அந்தப் பேப்பர்களை வாங்கி மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இந்தத் தடவை வார்த்தையைப் பார்க்காமல் எந்த எழுத்து எந்த எழுத்தாக மாறியிருக்கிறது என்று மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினேன். ர, ல ஆகியிருந்தது. ற, ள ஆகியிருந்தது. 1, 3 ஆகியிருந்தது. ஓர் இடத்தில் 0, 2 ஆகியிருந்தது. ஒரு தடவைகூட திரும்பி மாறவில்லை. ல எங்கேயும் ர ஆகவில்லை. 3 எங்கேயும் 1 ஆகவில்லை.

கம்ப்யூட்டருக்கு உள்ளே எழுத்து கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்தான். அந்த எண்களின் பட்டியலை மொபைலில் தேடி எடுத்தேன். ர-வின் எண்ணோடு இரண்டைக் கூட்டினால் ல. ற-வோடு இரண்டைக் கூட்டினால் ள. ஒன்றோடு இரண்டு மூன்று. பூஜ்ஜியத்தோடு இரண்டு இரண்டு. எல்லாமே சரியாக இரண்டு தள்ளி. டைப் அடிக்கிற விரலுக்கு இந்தக் கணக்கு தெரியாது. மெமரியில் ஒரே ஒரு புள்ளி கெட்டுப்போய், அணைந்திருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால்தான் இப்படி வரும். அந்தப் புள்ளியில் போய் விழும் எழுத்து மட்டும், அடித்தபோது சரியாகக் கேட்டிருந்தாலும், பிறகு மாறிவிடும்.

"சார்" என்றேன். "இது உங்க விரல் இல்ல. நான் போட்ட மெமரி."

அவர் கீபோர்டின் மேல் இருந்த இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

4. சிவப்பு வரி

சந்தேகம் ஒன்று, நிரூபணம் வேறு. என் கடையில் இரண்டு நாள் நிற்காத மெஷின் இங்கே ஏன் நிற்கிறது?

"நான் இல்லனு நெனைச்சுக்கிட்டு, தினம் எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்ங்க சார்" என்று சொல்லி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தார். உடனே குனிந்து, சிபியூ இருந்த மர அடுக்கின் கதவைச் சாத்தினார்.

"ஏன் சார் மூடறீங்க?"

"ஃபேன் சத்தம். அது ஓடினா குரல் சரியா கேக்காது."

புத்தகத்தை எழுத்தாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு டைப் அடிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் கழித்து நான் கதவைத் திறந்து உள்ளே கை வைத்தேன். அடுப்பங்கரை மாதிரி அனல் அடித்தது. மே மாதம். மலைப்பாறை சூடெல்லாம் ஊருக்குள் இறங்கும் மாதம். அதில் மூடிய அடுக்குக்குள் மெஷின். கடையில் நான் மூடியைக் கழற்றி ஃபேனுக்கு அடியில் வைத்து டெஸ்ட் செய்திருந்தேன். சூடே ஏறாத இடத்தில் சூட்டில் வரும் கோளாறைத் தேடியிருக்கிறேன்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்து, ஆரம்பத்திலேயே ஓட்டியிருக்க வேண்டிய பெரிய மெமரி டெஸ்டைப் போட்டேன். அடுக்குக் கதவைச் சாத்தினேன். இந்த டெஸ்ட் மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண்ணை எழுதும், திரும்ப எடுத்துப் பார்க்கும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்கும். பிழை வந்தால் சிவப்பில் ஒரு வரி விழும்.

முதல் சுற்று முடிய முக்கால் மணி நேரம். ஒன்றும் விழவில்லை. சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த டெஸ்ட் பேசாது என்பதால் நான்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நாற்பது பர்சென்ட் சார். ஒண்ணும் இல்ல... எழுபது... முதல் ரவுண்டு முடிஞ்சுது சார். ஒண்ணுமில்ல."

'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையை அவரிடம் நான்காவது தடவையாகச் சொல்கிறேன் என்பது உறைத்தது.

"இன்னொரு ரவுண்டு விடுங்க" என்றார்.

இரண்டாவது சுற்றில் பாதி தாண்டியதும் ஒரு சிவப்பு வரி விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. அப்புறம் மளமளவென்று திரை முழுக்க.

"வந்துடுச்சு சார்! சிவப்பா வருது! நிறைய வருது!"

பழுது தெரிந்ததற்காக வீட்டில் யாராவது அப்படிக் கத்தியிருப்பார்களா தெரியாது. சமையல்கட்டிலிருந்து செல்வி கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க" என்றார் சார்.

"எழுதினது பூஜ்ஜியம் சார். திரும்ப வந்தது ரெண்டு."

"அடுத்த வரி?"

"அதே. எழுதினது பூஜ்ஜியம், வந்தது ரெண்டு."

"அடுத்தது?"

"அதேதான் சார். எல்லாமே ரெண்டுதான்."

நாற்காலியில் சாய்ந்து, "அப்பாடா" என்றார். அவ்வளவு நீளமான அப்பாடாவை நான் கேட்டதில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "செல்வி, சோறு போடு. மேடத்துக்கும் சேர்த்து. நான் நல்லாத்தான் இருக்கேன்."

சாப்பிட்டுவிட்டு மிச்சத்தையும் செய்தேன். பழைய நான்கு ஜிபியை மட்டும் போட்டு, கதவைச் சாத்தி, இரண்டு சுற்று. சுத்தம். புதியதை மட்டும் போட்டேன். சூடு ஏறியதும் சிவப்பு. ஸ்லாட்டை மாற்றிப் போட்டாலும் சிவப்பு. அப்படியானால் ஸ்லாட்டில் குறை இல்லை, போர்டில் குறை இல்லை, கரண்டிலும் ஸ்க்ரீன் ரீடரிலும் குறை இல்லை. நான் குறை சொன்ன எதிலும் குறை இல்லை.

"சார், என்னை மன்னிச்சிடுங்க. மூணு வாரம் உங்களை அலைய வெச்சிட்டேன்" என்றேன்.

"அலைஞ்சது சிபியூதான். நான் இங்கயேதான் இருந்தேன்" என்றார். அது மன்னிப்பா, கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

5. பாஷா பாய் கடையில்

ரேமை நான் வாங்கியது பஸ் ஸ்டாண்டு பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் பாஷா பாயிடம். மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள், ஆட்டோ போகாது. வெறுங்காலோடு எதிரே வந்த கூட்டத்துக்குள் புகுந்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தே போனேன்.

பாய் ரேமை வாங்கித் தன் பெஞ்சில் இருந்த மெஷினில் போட்டார். ஏசி அறை. இருபது நிமிடம் ஓட்டினார்.

"நல்லாத்தான்க்கா கீது. ஒண்ணுமில்லியே."

அந்த வார்த்தை எதிரில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"பாய், இது சூட்டுல மட்டும் ஃபெயிலாவுது. மூடியைப் போட்டு ஒரு அட்டைப் பெட்டியால மூடி வைங்க. ரெண்டு ரவுண்டு ஓட்டுங்க. வரலனா நான் திருப்பி எடுத்துக்கறேன்."

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் செய்தார். ஏசியைக்கூட அணைத்தார். கடைக்கு வந்தவர்கள் விசிறிக்கொண்டே காத்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அவர் திரையிலும் அதே சிவப்பு வரி விழுந்தது.

"அடடா" என்றார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு பார்த்ததில்லக்கா." மறுபேச்சில்லாமல் வேறு கம்பெனி ரேம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் அங்கேயே பெட்டிக்குள் மூடி இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

அன்று சாயந்திரமே சார் வீட்டில் அதை மாட்டினேன். அடுக்கின் பின்பலகையில் காற்றுப் போக ஒரு பெரிய ஓட்டையும் போட்டேன். முன்கதவு அவர் விருப்பப்படி மூடியே இருக்கலாம்.

6. காதும் கண்ணும்

மெஷின் சரியாகிவிட்டது. தீசிஸ் சரியாகவில்லை. மூன்று வாரம் கெட்ட மெமரியில் திறந்து திறந்து மூடிய பக்கங்கள். எங்கே என்ன மாறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை முடிந்துவிட்டது. திங்கள் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் சாருடைய ஒரு பழக்கம் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எல்லா அத்தியாயத்தையும் பென் டிரைவில் நகல் எடுத்து, தேதியையே பெயராக வைத்து பீரோவில் போட்டுவிடுவார். புது மெமரி போடுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நகல் அப்படியே இருந்தது. முதல் மூன்று அத்தியாயங்களை அதற்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை. அவை பிழைத்தன. நான்காவதைப் பழைய நகலோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றாக நான் வாசிக்க, "இது நான் மாத்தினது, இது நான் இல்ல" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மாற்றாத இடங்கள் பதினொன்று.

ஐந்தாவது அத்தியாயம் முழுக்கவும் புது மெமரி வந்த பிறகு எழுதியது. ஒப்பிடப் பழைய நகல் கிடையாது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டுக்கே போனேன். நான் ஒருமுறை திரையில் முழுக்கப் படித்தேன். எழுத்தே இல்லாமல் வெறும் கட்டமாக நின்ற நான்கு இடங்களைக் கண்டுபிடித்தேன். சில எழுத்தோடு இரண்டைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு எழுத்தே கிடையாது. குரல் அவற்றை வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டதால் அவருக்கு அவை தெரியவில்லை. பெருமையோடு, "அவ்ளோதான் சார், முடிஞ்சுது" என்றேன்.

"இப்ப நான் கேக்கறேன்" என்று குரலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்.

நான் படித்துத் தாண்டிய பக்கங்களில் அவர் இன்னும் ஒன்பது பிடித்தார். கண் வார்த்தையின் உருவத்தைப் பார்த்துவிட்டு, இருக்கவேண்டியதைத் தானே போட்டுப் படித்துக்கொள்கிறது. காது அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. 'வலி' என்று குரல் சொன்ன உடனே அவர் கை கண்ட்ரோல் கீயில் இறங்கும், குரல் நிற்கும். ஏரிகளின் எண்களை மட்டும் செல்வி அவருடைய களக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஞாயிறு மத்தியானம் ஐந்தாவதும் முடிந்தது.

திங்கள் மாலை போன் வந்தது. பின்னணியில் பஸ் ஹாரன்.

"கொடுத்துட்டேன் மேடம். கைடு நாலாவது சாப்டரைப் புரட்டிப் பார்த்துட்டு, 'பரவாயில்லியே, ஆளை மாத்திட்டீங்க போல'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஆளை மாத்தல சார், மெமரியத்தான் மாத்தினேன்'னேன். அவருக்குப் புரியல. அப்புறம் உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். அடிக்கிற ஆள் நான்தான்ங்கறதையும் சேர்த்து."

7. அதே பெட்டியிலிருந்து நான்கு

அன்றைக்கு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பாஷா பாயிடம் அந்த ரேமை வாங்கியபோது அதே பெட்டியிலிருந்து மொத்தம் ஐந்து வாங்கியிருந்தேன். மிச்சம் நான்கும் நான்கு பேருடைய மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. நால்வரில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. முன்பென்றால் அதுவே எனக்குப் போதும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான். மெஷின் நின்றுபோனால் பயப்படாதீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே ஒன்றை மூன்றாக்குகிற மெஷினுக்குத்தான் பயப்பட வேண்டும். புது மெமரி போட்டால் பெரிய டெஸ்டை ஓட்டாமல் வெளியே அனுப்பாதீர்கள். அதுவும் கடையில் எப்படி இருக்கிறதோ அப்படி ஓட்டாமல், வீட்டில் எப்படி இருக்குமோ அப்படி ஓட்டுங்கள். வாடிக்கையாளர் ஏதோ சரியில்லை என்றால், 'ஒண்ணுமில்ல' என்பதற்கு முன்னால், அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள்.

அந்த வாரம் நான்கு இடத்துக்கும் போனேன். காலேஜில் படிக்கும் ஒரு பெண்ணின் வீடு. ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷன். தேரடி வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடை. மூன்றும் சுத்தம். நான்காவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று நோயாளிகளுக்கு எண்களை அச்சடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர். அதை நினைத்து நினைத்து நான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. இருந்தும் அதைக் கடைசியாக வைத்ததற்குப் பயத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஞாயிறு மத்தியானம் அவர்கள் கடை சாத்தும் நேரத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மீனா என்ற பெண் எனக்காகக் காத்திருந்தாள். ஏசியை அணைக்கச் சொன்னேன். சிபியூ மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதையும் விட்டேன். வேர்வை முதுகில் வழிந்தது. திரையில் ஒரு சிவப்பு வரிகூட விழவில்லை. பிழைகள் என்ற இடத்தில் கடைசி வரை பூஜ்ஜியம். எழுதியதும் பூஜ்ஜியம், திரும்ப வந்ததும் பூஜ்ஜியம்.

பெட்டியை எடுத்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்ன மேடம், ஏதாச்சும் பிரச்சனையா?" என்று கேட்டாள் மீனா.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "ஒண்ணுமில்லனு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்."